எட்டாம் பதிப்பு எங்கே?

பெயின்ட் தொழிற்சாலையின் வாசலில் காவலாளி நீட்டிய பிளாஸ்டிக் தட்டில் மூன்று செல்போன்களும் ஒரு சிகரெட் லைட்டரும் விழுந்தன. லைட்டர் ரேடியோவினுடையது.

"சிகரெட்டை விட்டுட்டேன்னு போன மாசம் சொன்னியே?" என்றார் இன்சூரன்ஸ் மேடம்.

"சிகரெட்டைத்தான் மேடம் விட்டேன். லைட்டர் என்ன பாவம் பண்ணுச்சு?"

இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை மேடம் விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. பெயர்தான் அவரை விடவில்லை. இழப்பீடு கேட்டு வரும் காகிதங்களில் பொய் எந்த வரியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது என்று மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு. இப்போது அந்த மூக்கைத்தான் வாடகைக்கு விடுகிறார். உதவியாளன் ரேடியோவுக்கு வாய் ஓயாததால் அந்தப் பட்டம்.

அவர்களுடன் வந்திருந்த மூன்றாவது ஆள் எதுவும் பேசவில்லை. பேசுவதுதான் அவளுக்குத் தொழில். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லும் குரல் இந்த மாதத் தொடக்கத்திலிருந்து வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் கணவன் இந்தத் தொழிற்சாலையில் கலவைத் தொட்டி கழுவுகிறவன். ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து தொட்டிக்குள் இறங்கினான். உள்ளே தேங்கியிருந்த ஆவியில் மயங்கி விழுந்தவனைத் தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது. இறங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட ஃபோர்மேன் அவளுடைய சொந்த அண்ணன்.

"எங்க அத்தை என் முகத்தைப் பார்க்கிறதில்ல மேடம்," என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். "உங்க அண்ணன்தான் என் பிள்ளையைக் கொன்னான்னு சொல்றாங்க. அண்ணனோ சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல. தொட்டியில இறங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மீட்டர் வெச்சுக் காத்தைச் சோதிக்கணும்ங்கிறது விதி. அன்னிக்குக் காலையில சோதிச்சாங்க, மதியம் சோதிக்கல. காலையில ஒரு தடவை சோதிச்சா அன்னிக்குப் பூரா போதும்னு புது விதி வந்துச்சுன்னு அண்ணன் சொல்லுது. ஆனா கம்பெனி சிஸ்டத்துல அப்படி ஒரு விதியே இல்லையாம். திரையைத் திருப்பிக் காட்டிட்டாங்களாம். இப்ப அண்ணனே, 'நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோ தங்கச்சி'ன்னு கேட்குது. ஒண்ணாந்தேதி விசாரணையில தப்பை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடப் போகுது."

இறந்தவனின் மனைவி என்ற முறையில் ஆவணங்களைப் பார்வையிட விசாரணை அதிகாரி அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார். இன்று மதியம் வரைதான்.

கூட்ட அறையில் ஆலை மேலாளர் காத்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, அதைவிடக் கலையாத முகம். பக்கத்தில் கணினியும் கையுமாக ஆவண அதிகாரி. நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட பெண்மணி. கம்பெனியின் எல்லா விதிகளும் படிவங்களும் ஒப்புதல்களும் இருக்கிற மென்பொருளுக்குச் சாவிக்காரி.

"உங்க துக்கத்தில நாங்களும் பங்கெடுத்துக்கிறோம்மா," என்றார் மேலாளர் அறிவிப்பாளரிடம். "ஆனா சிஸ்டம் பொய் சொல்லாது. காட்டுங்க மேடம்."

கடைசி வார்த்தை ஆவண அதிகாரிக்கு. அவர் தட்டினார். சுவரில் பெரிய எழுத்தில் தெரிந்தது: தொட்டிக்குள் நுழைதல், வேலை முறை, பதிப்பு 7. நடைமுறையில் உள்ளது. கீழே ஆறு, ஐந்து, நான்கு என்று பழைய பதிப்புகள் சாம்பல் நிறத்தில்.

"ஏழுல என்ன இருக்கு?" என்றார் இன்சூரன்ஸ் மேடம்.

"ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் சோதிக்க வேண்டும். இதுதான் விதி. ஃபோர்மேன் மீறிட்டார்," என்றார் மேலாளர்.

"இதை யாராவது அழிச்சா தெரியுமா?"

"தெரியும்," என்றார் ஆவண அதிகாரி. குரல் மெதுவாக வந்தது. "யார், எப்போ, எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து, எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவை யாராலும் அழிக்க முடியாது. நானே நினைச்சாலும்."

"எதாவது அழிஞ்சிருக்கா?"

"இந்த வருஷம் எதுவுமே அழிக்கப்படலை."

ரேடியோ மேடத்தின் காதருகில் குனிந்தான். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி மேடம். உள்ளே போனது வெளியே வராது."

மேடம் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்வதுபோல, "இதுல புதுசா ஒரு வரைவு தொடங்குங்களேன்," என்றார்.

"எதுக்கு?" என்றார் மேலாளர்.

"சும்மாத்தான். விதியைத் திருத்தணும்னா எப்படின்னு பார்க்கிறேன். சேமிக்க வேண்டாம்."

ஆவண அதிகாரியின் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அமுக்கினார். திரையில் வெற்றுப் பக்கம் விரிந்தது. தலைப்பில் தானாகவே எழுத்து விழுந்தது: வரைவு, பதிப்பு 9.

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றான் ரேடியோ. "எங்க பள்ளிக்கூடத்துல ஏழுக்கு அப்புறம் எட்டுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் கணக்குல வீக்குதான், அதுக்காக இவ்வளவு வீக்கா?"

"எண் யார் போடுறது?" மேடம் கேட்டார்.

"சிஸ்டம். கடைசியா எந்த எண் கொடுத்ததோ, அதுக்கு அடுத்தது."

"அப்ப எட்டுன்னு ஒண்ணு கொடுத்திருக்கு."

"டெக்னிக்கல் கோளாறு," என்றார் மேலாளர். சட்டை கலையவில்லை. முகத்தில் லேசாக ஒரு கசங்கல். "சாஃப்ட்வேர்னா இப்படி நூறு கோளாறு இருக்கும். ஒரு எண்ணை வெச்சு என்னத்தை நிரூபிக்கப் போறீங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். இல்லாத எட்டு எதையும் நிரூபிக்காது. அறிவிப்பாளரின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அண்ணன் கற்பனை பண்ணவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நாளை அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மேடம் ஆவண அதிகாரியிடம் திரும்பினார். "அழிச்சா பதிவாகும். அழிக்கல. ஆனா இங்கே இல்ல. அப்ப வேற எங்கயாவது இருக்கணும். இந்த சிஸ்டத்துல எத்தனை அலமாரி?"

"நிறைய. பாதுகாப்பு, தரம், கொள்முதல், பணியாளர், பொது அறிவிப்பு... ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆயுள். பாதுகாப்பு விதிகளை ஆலை இருக்கிற வரைக்கும் வெச்சிருக்கணும். கொள்முதல் சில வருஷம். பொது அறிவிப்பு மாசக் கடைசி வரைக்கும்தான். அதுக்கப்புறம் சிஸ்டமே துடைச்சிடும். அதை அழிப்புன்னு கணக்குல எடுக்காது. குப்பை வண்டி மாதிரி."

"மாசக் கடைசின்னா இன்னிக்கு?"

"இன்னிக்குச் சாயங்காலம்."

"போதும்," என்று மேலாளர் எழுந்தார். "விருந்தாளிங்க சாப்பிட்டுட்டுப் போகட்டும். அதிகாரிகள் உணவறையில சொல்லியிருக்கேன். கேன்டீன் பக்கம் வேண்டாம், ஒரே கூட்டம்."

"ஆமா," என்றார் ஆவண அதிகாரி, கணினியை மூடியபடியே. "அங்கே டிவி வேற ஓயாம ஓடும்."

"கிரிக்கெட்டா?" ரேடியோவின் முகம் மலர்ந்தது.

"இல்லை. எங்க அறிவிப்புகள்தான். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டாங்க."

வெளியே வந்ததும் அதிகாரிகள் உணவறை என்ற அம்புக்குறி இடதுபக்கம் காட்டியது. மேடம் வலதுபக்கம் நடந்தார்.

"மேடம், இடது பக்கம் ஏசி இருக்கு, மேசை விரிப்பு இருக்கு..."

"டிவி இல்லையே."

கேன்டீன் என்பது தகரக் கூரை போட்ட பெரிய கூடம். அறுநூறு பேர் நீல உடுப்பில், வரிசை வரிசையாக, தட்டின் மேல் கவிழ்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. சுவரின் உச்சியில் ஒரு டிவி, சத்தமில்லாமல் பக்கம் பக்கமாக மாறிக்கொண்டிருந்தது.

கை கழுவும் தொட்டியில் ஸ்பூனைப் போடாதீர்கள்.

குடிநீர்க் குழாய் பழுது. பின்பக்கக் குழாயைப் பயன்படுத்தவும்.

கறுப்புக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் காவலாளியிடம் பெற்றுக்கொள்ளவும்.

அடுத்த பக்கம் பொடி எழுத்தில் நெருக்கமாக விழுந்தது. அதன் தலைப்பு மட்டும் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரியது.

தொட்டிக்குள் நுழைதல், வேலை முறை, பதிப்பு 8.

"மேடம்..." ரேடியோவின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்கே சாப்பாட்டுக் கூடத்துலயே மறைச்சிருக்காங்களே!" சட்டைப் பையைத் தடவினான். போன் வாசலில் இருந்தது.

பக்கம் மாறிவிட்டது. மறுபடி ஸ்பூன்.

"போட்டோ எடுக்க முடியாது, காகிதமும் கையில இல்ல," என்றார் மேடம். "சாயங்காலம் துடைச்சிடும். நாளைக்கு நாம பார்த்தோம்னு சொன்னா, வாடகை மூக்கு பொய் சொல்லுதும்பாங்க. நமக்குச் சாட்சி வேணும்."

"சாட்சிக்கு என்ன பஞ்சம், அறுநூறு பேர் இருக்காங்க. தலைதான் நிமிரல."

அறிவிப்பாளர் அதற்குள் நகர்ந்துவிட்டாள். தட்டுகளுக்கு நடுவே நடந்து, டிவிக்குக் கீழே இருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். நாலைந்து பேர் பார்த்தார்கள். யாரோ "அவரோட சம்சாரம்" என்றார்கள். குடை போயிற்று. எட்டு வந்தது. அவள் அண்ணாந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

பஸ் நிலையத்துக் குரல். அழுகையோ ஆத்திரமோ எட்டாத, எந்த இரைச்சலையும் ஊடுருவிப் போகிற குரல்.

"தொட்டிக்குள் நுழைதல். பதிப்பு எட்டு. காலையில் ஒருமுறை காற்றுச் சோதனை செய்யப்பட்டிருந்தால், அன்றைய நாளில் மீண்டும் சோதிக்கத் தேவையில்லை. தொட்டிகளைச் சீக்கிரம் உற்பத்திக்குத் திருப்பித் தருவதற்காக இந்த மாற்றம். பாதுகாப்புக் குழுவின் பரிசீலனை..."

பக்கம் மாறியது.

கூடத்தில் சாப்பாட்டுச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. அவள் இறங்கவில்லை. ஸ்பூன் வந்தது, போயிற்று. குடிநீர்க் குழாய் வந்தது, போயிற்று. குடைக்காக அறுநூறு பேரும் தலையைத் தூக்கிக் காத்திருந்தார்கள். எட்டு வந்தபோது அவளால் வாசிக்க முடியவில்லை. விட்ட இடத்திலிருந்து முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று வாசித்தார்.

"பாதுகாப்புக் குழுவின் பரிசீலனை நிலுவையில் உள்ளது. ஒப்புதல்: ஆலை மேலாளர்."

"இது கம்பெனி குடுத்த டேப்லெட்ல வந்துச்சு," என்றது ஒரு குரல். "எனக்கும் வந்துச்சு."

"எனக்கும்தான். படிச்சேன்னு அமுக்கினேன்."

"படிச்சியா?"

யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை.

கதவு படாரென்று திறந்தது. ஆலை மேலாளர் ஓடிவந்த வேகத்தில் நின்றார். டிவியை அண்ணாந்து பார்த்த அவர் முகத்தில் இருந்தது பயமல்ல, திகைப்பு. மேடம் அதைக் கவனித்துக்கொண்டார். ஒளித்தவனுக்கு ஒளித்த இடம் தெரிந்திருக்கும். இந்த ஆளுக்குத் தெரியவில்லை.

அவர் பின்னாலேயே ஆவண அதிகாரி வந்தார்.

"ஆலை மேலாளர் விதியைக் குறுக்கினார், சரி," என்று மேடம் நேராக அந்தப் பெண்ணிடம் போனார். "ஆனா பாதுகாப்பு அலமாரியிலிருந்து எடுத்துக் குப்பை வண்டி வர்ற தெருவில கொண்டுவந்து வெச்சது நீங்க. இந்த சிஸ்டத்துல அலமாரி மாத்தத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். யாருக்காக ஒளிச்சீங்க?"

ஆவண அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒளிக்கிறவ அறுநூறு பேர் தலைக்கு மேலயா ஒளிப்பா?"

மேடம் டிவியை அண்ணாந்து பார்த்தார்.

"அழின்னு சொன்னாங்க. நான் அழிக்கல. அழிக்கமாட்டேன்னு சொல்ற தைரியமும் இல்ல. இங்கே கொண்டுவந்து போட்டேன். பாதுகாப்பு அலமாரியில தேடிப் பார்த்தவங்களுக்கு அது போயிடுச்சுன்னு நிம்மதி. சாப்பிட வர்ற யாராவது ஒருத்தர் தலையைத் தூக்கிப் பார்த்தாப் போதும்னு நினைச்சேன். தினமும் மதியம் அந்தக் கதவு பக்கம் வந்து நின்னு பார்ப்பேன். ஒருத்தரும் பார்க்கல."

"ஒரு வார்த்தை பேசாதே!" மேலாளர் கத்தினார். "எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்."

இத்தனை நேரம் 'மேடம்', 'காட்டுங்க' என்றவர். ரேடியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வீட்டுலயா?"

"என் அண்ணன்," என்றார் ஆவண அதிகாரி. "அப்பா இல்லாத வீட்டுல என்னைப் படிக்க வெச்சது, இங்கே வேலை வாங்கிக் கொடுத்தது, எல்லாம் அண்ணன்தான். விபத்து நடந்த அன்னிக்கு மின்னஞ்சல்ல சொல்லல, போன்ல சொல்லல. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து சொன்னாங்க. பிறந்ததிலேர்ந்து அண்ணன் பேச்சைத் தட்டினதில்ல நான்."

அவர் கணினியைப் பக்கத்து மேசையில், ஒரு சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு வைத்தார்.

"வழக்குல இருக்கிற ஆவணத்துக்கு ஒரு பூட்டு உண்டு. போட்டா அப்புறம் யாராலும் நகர்த்த முடியாது, சிஸ்டமும் துடைக்காது. பூட்டினது யார்னு எல்லா இயக்குநர்களுக்கும் அந்த நிமிஷமே தகவல் போயிடும். எங்கேயிருந்து எங்கே நகர்ந்துச்சு, யார் நகர்த்தினாங்க, எல்லாத்தோடயும்."

"வேண்டாம்மா," என்றார் மேலாளர். இப்போது அவர் கத்தவில்லை. "என் பிள்ளைங்களை நினைச்சுப் பாரு."

"நினைச்சுத்தாண்ணா இத்தனை நாள் பூட்டல."

விரல் அமுக்கியது. திரையில் எட்டின் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் விழுந்தது. மேலாளர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார்.

அறிவிப்பாளர் இறங்கி வந்து ஆவண அதிகாரியின் முன்னால் நின்றாள்.

"எங்க அண்ணன் தனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு தினமும் என்கிட்டக் கேட்டுச்சு. ஒரு போன் பண்ணி, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

அறிவிப்பாளர் கும்பிடவுமில்லை, திட்டவுமில்லை. திரும்பி நடந்தாள்.

வாசலில் போன் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அண்ணனை அழைத்தாள். பக்கத்தில் நின்ற மேடத்துக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள்.

"அண்ணா, இருக்குண்ணா. எட்டாம் பதிப்பு இருக்கு. எல்லாரும் பார்த்துட்டாங்க. நீ கற்பனை பண்ணலை. நாளைக்கு எதுலயும் கையெழுத்துப் போடாதே."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப நடந்தது எல்லாம் நிஜம்தானா?" என்றார் ஃபோர்மேன்.

"நிஜம்தான்."

"நான் அதைப் படிக்கல தங்கச்சி. படிச்சேன்னு அமுக்கினேன், அவ்வளவுதான். மாப்பிள்ளைதான் படிச்சாரு. அன்னிக்குச் சாப்பிட்டு முடிச்சு, தொட்டி ஓரமா நின்னு எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. 'இது சரியா வராது மச்சான், மதிய வெயில்ல உள்ளே ஆவி ஏறும், இன்னொரு தடவை மீட்டர் வைப்போம்'னாரு. மேலேயிருந்து வந்த விதி, நமக்கென்ன, சட்டுனு இறங்கி முடிங்கன்னேன். விதியே இல்லைன்னு அவங்க சொன்னப்போ, இதையும் நானாத்தான் கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு இருந்துச்சு. அப்படியே இருந்திருக்கக் கூடாதான்னு..."

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டான். மேடம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். விசாரணையில் ஃபோர்மேன் தப்பித்துவிடுவார், அதில் இனிச் சந்தேகமில்லை. மேடத்தின் வேலை முடிந்துவிட்டது.

அறிவிப்பாளர் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போயிற்று.

"இதை நாளைக்கு அங்கேயும் சொல்லு," என்றாள் கடைசியில். "ஒண்ணு விடாமச் சொல்லு. அவர் வேண்டாம்னு சொன்னார்ங்கிறது எல்லாருக்கும் தெரியணும். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வா. அத்தைக்கிட்ட முதல்ல சொல்லணும்."

"எப்படிம்மா வருவேன் அந்த வீட்டுக்கு?"

"நான் வாசல்ல நிக்கிறேன். வா."